தேயாத அடிகள்

முப்பத்தொன்று இன்னும் அழியவில்லை.

ஓங்கிய சுத்தியல் அவன் கையில் அப்படியே நின்றது. மனைவி மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். கீழே கடை, மேலே வீடு, நடுவில் பின்பலகை வைக்காத மரப்படி. அந்தப் படிக்கு அடியில்தான் அவனுடைய வேலை மேசை கிடந்தது. யார் ஏறினாலும் யார் இறங்கினாலும் பலகை இடுக்கு வழியாக அவர்களுடைய ஷூவின் அடிப்பக்கம் அவன் கண்ணில் பட்டே தீரும். பன்னிரண்டு வருஷமாக ஷூவுக்கு அடி மாற்றிப் பிழைக்கிறவன். மற்றவர்கள் ஆளை முகம் பார்த்து அடையாளம் சொல்வார்கள், அவன் அடியைப் பார்த்துச் சொல்வான். மனைவிக்கு வலது குதிகாலின் வெளிப்பக்கம்தான் முதலில் தேயும். மகளுக்கு இரண்டு காலிலும் நுனி தேயும். அவள் நடக்கிற பிள்ளை இல்லை, ஓடுகிற பிள்ளை.

மனைவியின் இடது அடியில் வெள்ளைச் சாக்பீஸில், அவன் கையெழுத்தில், முப்பத்தொன்று என்று இருந்தது. வேலைக்கு வருகிற ஷூக்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க அவன் போடுகிற எண். வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் போய்விடும், அதற்காகத்தான் சாக்பீஸில் எழுதுவது. அதை எழுதி இன்றோடு இருபத்தாறு நாள் ஆகிறது. இத்தனை நாளும் அவள் இந்த ஷூவைத்தான் மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சபைக்கும் போய்வந்தாள்.

"என்னங்க, சாப்பிட வரலையா?" என்று மேலேயிருந்து கேட்டாள்.

"இதோ வரேன்."

அதே குரல்தான். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஏதோ கண் கோளாறு, சாயங்கால வெளிச்சத்தில் எதையோ எதுவாகவோ பார்த்திருப்போம் என்று அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. அந்தப் படியில் மூன்றாவது பலகை தளர்ந்து கிடந்தது. பூனை ஏறினால்கூட கிறீச்சென்று கத்தும். ஆணி அடிக்கச் சொல்லி மனைவி ஒரு வருஷமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் ஏறிப் போனபோது அது கத்தவில்லை.

எழுந்து போய்த் தன் காலை அதன் மேல் வைத்துப் பார்த்தான். கத்தியது.

மனைவியின் சபையை ஊரில் 'காத்திருக்கிறவர்கள்' என்பார்கள். ஆற்றோர ரோட்டில் ஒரு பழைய கிடங்கு, அதன் முன்னால் ஜல்லி கொட்டிய முற்றம், உள்ளே வரிசையாக பெஞ்சுகள். தலைவர் ஓய்வு பெற்ற ஒரு கணக்கு வாத்தியார். வசனங்களை எண்ணி, கூட்டி, பெருக்கி, உலகம் முடிகிற நாளைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். அந்த நாளில் எல்லோரும் அந்தக் கிடங்கு ஹாலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வெளியே பழைய பூமி போய்ப் புதுப் பூமி வந்துவிடும். கதவைத் திறந்து அதில் கால் வைக்கும்போது ஷூவின் அடியில் பழைய மண் ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது என்பது அவர்களுடைய சட்டம். அதனால் நாள் நெருங்கினால் மொத்த சபையும் ஷூவைத் தூக்கிக்கொண்டு அவன் கடைக்கு வரும். புது அடி போட்டு, துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு போய், ஹாலுக்குள் வைத்துத்தான் மாட்டிக்கொள்வார்கள். உலகம் அழியப்போகிறது என்றால் அந்தத் தெருவிலேயே நிற்க நேரமில்லாமல் உழைக்கிறவன் அவன் ஒருத்தன்தான். இதைச் சொல்லிச் சிரித்ததற்கு மனைவி ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

முதல் நாள் பொய்த்தது. நூற்றிருபது பேரும் புது அடியோடு பழைய ரோட்டிலேயே நடந்து வீடு திரும்பினார்கள். லீப் வருஷங்களைச் சேர்க்க மறந்துவிட்டதாக வாத்தியார் அழுதார். கணக்கு வாத்தியார் லீப் வருஷத்தை மறப்பாரா என்று கேட்டுச் சில பேர் கழன்றுகொண்டார்கள். இரண்டாவது நாளும் பொய்த்தது. எந்த வருஷத்திலிருந்து எண்ண ஆரம்பிப்பது என்பதில் பிசகாம். அன்றைக்கு மனைவி மழையில் தொப்பலாக நனைந்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் இதே படியில் உட்கார்ந்து, அவன் தோளில் முகத்தை வைத்து விக்கி விக்கி அழுதாள். ஷூவில் போட்ட எண் வீடு வந்து சேர்வதற்குள் சேற்றோடு போயிருந்தது. இனி இந்த விஷயத்தில் கிண்டல் செய்வதில்லை என்று அன்று அவன் முடிவு செய்தான். அவள் அழுவதை அவனால் பார்க்க முடியாது.

மூன்றாவது நாள்தான் இருபத்தாறு நாளுக்கு முன்னால் வந்தது. அன்றைக்குச் சிட்டுவுக்குக் கடுமையான காய்ச்சல். சிட்டு அவனுடைய மகள், ஏழு வயது, அந்தப் பெயர் அவன் வைத்த செல்லப் பெயர். பிள்ளையைத் தூக்கிக்கொண்டாவது போக வேண்டும் என்று மனைவி கெஞ்சினாள், கத்தினாள், அவன் மசியவில்லை. கடைசியில் அவள் மட்டும் துணியில் சுற்றிய ஷூவோடு போனாள். தொண்ணூறு பேர் போனார்கள். தொண்ணூறு பேரும் சாயங்காலம் திரும்பி வந்தார்கள்.

இந்த முறை ஒருத்தரும் அழவில்லை. ஒருத்தரும் சண்டை போடவில்லை. கணக்கு எங்கே தப்பியது என்று வாத்தியார் சொல்லவும் இல்லை, யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. மனைவி சிரித்த முகத்தோடு வாசலில் நின்றாள். எப்படியோ தெளிந்தாளே என்று அவனும் நிம்மதியாகத்தான் இருந்தான். இப்போது யோசித்துப் பார்த்தால், அந்த நிம்மதிதான் அவனை இருபத்தாறு நாள் எதையும் பார்க்கவிடாமல் செய்திருந்தது.

மறுநாள் காலையில் எதிர்த்த பேக்கரிக்குப் போனான். பேக்கரிக்காரர் சபையில் மூத்தவர், கனத்த உடம்பு, விடிந்ததிலிருந்து நின்றே வேலை பார்க்கிறவர். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் ஹீலைத் தேய்த்துக்கொண்டு வந்து நிற்பார்.

"என்ன அண்ணே, கடைப்பக்கமே வர்றதில்ல? ஹீல் தேயலையா?"

"தேயலப்பா." சிரித்தார். "உன் சோல் நல்ல சோலு."

"எம்மேல எதாவது வருத்தமா? கிண்டல் பண்றேன்னு?"

"சேச்சே. யார் மேலயும் வருத்தமே இல்ல இப்போ."

கீழ்த் தட்டிலிருந்து ரொட்டி எடுப்பதற்காக முட்டி போட்டார். ஷூவின் அடி அவன் பக்கம் திரும்பியது. எட்டு. அவன் எட்டுக்குப் போடுகிற அந்தச் சுழிகூடக் கலையாமல் இருந்தது. மேடைக்குப் பின்னால் தரை எப்போதும் போல மாவு படிந்து வெள்ளையாகக் கிடந்தது. வழக்கமாக அந்த மாவில் அவருடைய காலடிகள் போவதும் வருவதுமாக மிதிபட்டுக் கிடக்கும். இன்று சலித்துக் கொட்டிய மாதிரி சமமாக இருந்தது. எலி ஓடிய தடம் ஒன்று மட்டும் தெரிந்தது.

"வேற எதாவது வேணுமா தம்பி?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். சில்லறை வாங்க மறந்துவிட்டான்.

அன்று மத்தியானம் மனைவி குளிக்கப் போனபோது அவளுடைய ஷூவை எடுத்து முகத்துக்கு அருகே வைத்துக்கொண்டான். ஒரு மாதம் போட்ட ஷூவுக்கு ஒரு வாசனை இருக்கும், வியர்வையும் தூசியும் பழைய தோலும் கலந்து, ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு விதமாக. கண்ணைக் கட்டிவிட்டால்கூடத் தன் வீட்டு ஷூ எது என்று அவனால் சொல்ல முடியும், அதைச் சொல்லி மனைவி எத்தனையோ தடவை மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள். இந்த ஷூவில் பசையும் புதுத் தோலும் மணந்தன. உள்ளே விரல் விட்டுத் தடவினான். கால்விரல்கள் அழுந்திய பள்ளம் இல்லை. குதிகால் குழி இல்லை. கடைசியாக அடியில் விரலை வைத்து எண்ணை லேசாகத் தேய்த்தான். சுலபமாக அழிந்தது. விரலில் வெள்ளையாக ஒட்டியது. அழிந்த இடத்தை அவசரமாக மறுபடி எழுதி வைத்தான்.

அவளுக்குக் கால் வலி உண்டு. ராத்திரி படுக்கும் முன்னால், "கொஞ்சம் அமுக்கி விடுங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று காலை அவன் மடியில் தூக்கிப் போடுவாள். ஊரார் கால் செருப்பையெல்லாம் பார்க்கிறவனுக்குப் பெண்டாட்டி கால் மட்டும் தெரியாது என்று திட்டுவாள். ஒரு மாதமாக அவள் கால் வலி என்று சொல்லவே இல்லை. திட்டவும் இல்லை. அந்தத் திட்டு அவனுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று இப்போதுதான் புரிந்தது, ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது.

யாரிடம் சொல்வது? என் மனைவியின் ஷூ தேயவில்லை என்று போலீஸில் போய்ச் சொல்ல முடியுமா? அடுத்தவன் அடியை யார் பார்க்கிறார்கள்?

சிட்டுவை மட்டும் தினமும் பார்த்தான். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு விளையாட்டு இருந்தது. காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அவள் முக்காலியில் உட்கார்ந்து இடது காலைத் தூக்குவாள். அவன் ஷூவின் அடியில் சாக்பீஸால் ஒரு சின்னக் குருவி வரைவான், மூக்கு, ஒரு கண், றெக்கையில் மூன்று கோடு. சாயங்காலம் வந்ததும் காலைத் தூக்கிக் காட்டி, "பறந்துடுச்சு!" என்பாள். எங்கே போச்சு என்று அவன் கேட்க வேண்டும். ஒரு நாள் ஆற்றுக்கு, ஒரு நாள் டீச்சர் தலைக்கு, ஒரு நாள் நிலாவுக்கு. இத்தனை நாள் அது விளையாட்டு. இப்போது அவள் காலைத் தூக்குகிறவரை அவனுக்கு மூச்சு வராது. வெறும் அடியைப் பார்த்ததும், அதில் ஒட்டிய சேற்றையும் புல்லையும் பார்த்ததும், உயிர் திரும்பி வரும்.

ஒரு நாள் மனைவி அவன் மேசையருகே வந்து நின்றாள். வந்தது தெரியவில்லை. நிமிர்ந்தபோது நின்றுகொண்டிருந்தாள்.

"வர்ற வியாழக்கிழமை, விட்டுப்போனவங்களுக்காக ஒரு நாள் வெச்சிருக்கோம். மத்தியானம் ரெண்டு மணிக்கு. அன்னிக்குக் காய்ச்சல்ல கெடந்தவங்க, ஊர்ல இல்லாதவங்க."

"ம்."

"மத்தவங்க அன்னிக்குப் போட்ட அடியைப் பத்திரமா வெச்சிருக்காங்க. சிட்டுவோட ஷூ தேஞ்சுபோச்சு, அடி மாத்திக் குடுங்க."

"சோல் தீந்துபோச்சு. சரக்கு வர ரெண்டு வாரம் ஆகும்."

பொய். மேசைக்கு அடியில் ஒரு கட்டு இருந்தது, அவள் குனிந்தால் தெரியும். அவள் குனியவில்லை.

"சரி," என்றாள்.

ஒன்பது வருஷத்தில் அவள் அவனிடம் ஒரே பேச்சில் சரி என்று சொன்னதே இல்லை. கடுகு விஷயமாக இருந்தாலும் இரண்டு பேச்சு பேசித்தான் ஓய்வாள். இப்போது சரி என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனாள். அவன் மேசையை இறுகப் பிடித்துக்கொண்டு மூன்றாவது பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புது அடி இல்லாமல் யாரையும் உள்ளே விட மாட்டார்கள். சட்டம் அது. ஊரில் அடி மாற்றுகிறவன் அவன் ஒருத்தன்தான். அவன் கை வைக்காமல் சிட்டு அந்தக் கதவைத் தாண்ட முடியாது. இதை நினைத்தபோது கொஞ்சம் தைரியம் வந்தது. வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அங்கிருந்தே அவளை அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவது என்று தீர்மானித்தான். அதற்கு முன்னால் கிளம்பினால் சந்தேகப்படுவார்கள். அதோடு, மனசின் ஒரு மூலையில், தன் புத்திதான் பிசகிவிட்டதோ என்ற நப்பாசையும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை வாத்தியாரே கடைக்கு வந்தார். கையில் ஒரு ஜோடி சின்ன ஷூ, புத்தம் புதுசு, கடை அட்டை வாசனை இன்னும் போகவில்லை.

"பேக்கரிக்காரர் பேத்திக்கு. கடையில போட்டுக் குடுத்த அடி எத்தனை கால் பட்டதோ. நீங்க ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்க."

"சோல் இல்லைங்களே."

"சின்னக் கால்தானே. துண்டு துக்கடா போதும்." வாத்தியார் சிரித்தார். அவருடைய கண் மேசைக்கு அடியில் இருந்த கட்டின் மேல் ஒரு கணம் இருந்தது. பிறகு அவன் முகத்துக்கு வந்தது. "இல்லைன்னா சொல்லுங்க, வீட்டுல கேட்டுக்கறேன்."

வீட்டில் என்றால் மனைவியிடம்.

"நாளைக்கு வாங்கிக்குங்க," என்றான் அவன்.

பேக்கரிக்காரரின் பேத்தியை அவனுக்குத் தெரியும். சிட்டுவின் வகுப்புதான். முன்பல் விழுந்த பிள்ளை, எதற்கெடுத்தாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். இந்த ஷூவுக்கு அடி போட்டால் அந்தப் பிள்ளை எங்கே போகும் என்பது அவனுக்குத் தெரியும், தெரியாமல் இல்லை. போட மாட்டேன் என்றால் அவர்களுக்கு அவன் மேல் சந்தேகம் வரும், வியாழக்கிழமை கிளம்புவது நடக்காது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அவங்க தாத்தா பொறுப்பு, நான் என்ன செய்ய முடியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டே பழைய அடியைப் பிரித்தான். சிட்டுவின் காலைவிட ஒரு அளவு பெரிசு. வளர்கிற பிள்ளைக்கு அப்படித்தானே வாங்குவார்கள்.

சிட்டு பள்ளியிலிருந்து வந்து பையைப் போட்டுவிட்டு மேசையில் முழங்கையை ஊன்றி நின்றாள்.

"யாருதுப்பா இது?"

"ஒரு பாப்பாவோடது."

"இதுக்கும் குருவி போடு."

"வேண்டாம்மா. நம்பர்தான் போடணும்."

"போடுப்பா. பாவம்ல அந்தப் பாப்பா."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் சாக்பீஸை எடுத்தான். அந்தப் பல் விழுந்த பிள்ளைக்குத் தன்னால் முடிந்தது இதுதான் என்று, இடது அடியில், மூக்கு, கண், றெக்கையில் மூன்று கோடு வரைந்தான். எப்போதையும்விட நன்றாக வந்திருந்தது.

வியாழக்கிழமை காலையில் சிட்டுவைப் பள்ளியில் விட்டான். பழைய ஷூதான் போட்டிருந்தாள், நுனி தேய்ந்தது. டீச்சரிடம் மூன்றரைக்குத் தானே வருவதாகச் சொன்னான். கடையைத் திறந்து வைத்தான், வேலை செய்வது போல் உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு மணி வாக்கில் மனைவி இறங்கி வந்து, சபைக்குப் போய்வருவதாகச் சொன்னாள். தனியாகத்தான் போனாள். கையில் ஒரு துணி மூட்டை இருந்தது. தெருவில் எல்லோருடைய காலடியும் கேட்டது. அவளுடையது கேட்கவில்லை.

மூன்றேகாலுக்கே பள்ளி வாசலில் நின்றான். பையில் சிட்டுவுக்கு இரண்டு உடுப்பும் பஸ் டிக்கெட்டும் இருந்தன. மணி அடித்தது. பிள்ளைகள் கூச்சலோடு கொட்டிக்கொண்டு வந்தார்கள், ஷூ சத்தமும் சிரிப்பும் அழுகையுமாக, அந்தத் தடதடப்பைக் கேட்கக் கேட்க அவனுக்கு ஆறுதலாக இருந்தது, இத்தனை காலும் மண்ணில்தான் மிதிக்கின்றன என்று.

கூட்டத்தில் பேக்கரிக்காரரின் பேத்தி வந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காலில் பழைய பழுப்பு ஷூ. ஹீல் ஒரு பக்கம் சாய்ந்து தேய்ந்திருந்தது.

அவன் அந்த ஷூவையே பார்த்தான்.

"நீ... நீ இன்னிக்கு சபைக்குப் போகலையா?"

"எங்க அம்மா அங்கெல்லாம் விட மாட்டாங்க, அங்கிள்."

"உனக்குப் புது ஷூ?"

"புது ஷூவா? எனக்கா?" பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "யாரு வாங்கித் தந்தா?"

டீச்சர் வாசலுக்கு வந்தாள். அவனைப் பார்த்து முகத்தைச் சுருக்கினாள்.

"சிட்டுவைக் கூட்டிட்டுப் போயாச்சே சார். பன்னெண்டரைக்கே."

"யாரு?"

"அம்மாதானே வந்தாங்க."

"நான் வரேன்னு சொன்னேனே!"

"சொன்னீங்க சார். அம்மான்னா எப்படி விட மாட்டேன்னு சொல்றது? புது ஷூல்லாம் கொண்டுவந்திருந்தாங்க. சிட்டுவுக்கு முன்னாடியே தெரியுமாம். அப்பாவுக்குச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட ரகசியமாச் சொன்னா."

ஓடினான். ஆற்றோர ரோடு நீண்டுகொண்டே போனது. தன் காலடிச் சத்தம் மட்டும் காதில் அறைந்தது. ஒரு அளவு பெரிசு. துண்டு துக்கடா போதும். பாவம்ல அந்தப் பாப்பா. அவனே போட்ட அடி. அவன் கையால். யார் பிள்ளையோ போகட்டும் என்று போட்ட அடி.

கிடங்கின் கதவு சாத்தியிருந்தது. ஜல்லி காலடியில் நொறுங்க ஓடிப் போய் இரண்டு கையாலும் தட்டினான். தோளால் இடித்தான். சிட்டு, சிட்டு என்று தொண்டை கிழியக் கத்தினான். உள்ளே பாட்டு இல்லை. பேச்சு இல்லை. இருமல்கூட இல்லை. கதவில் காதை வைத்தான். மரத்தின் குளிர்ச்சியும் பழைய சாக்கு வாசனையும்தான். எத்தனை நேரம் அப்படி நின்றானோ, வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்திருந்தது.

கதவு திறந்தது.

அவர்கள் வரிசையாக வெளியே வந்தார்கள். வாத்தியார். பேக்கரிக்காரர். மூட்டை சுமந்து வந்தவர்கள், இப்போது வெறுங்கையோடு. எல்லோர் முகத்திலும் அதே சிரிப்பு. எல்லோரும் அவனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நூறு பேர், ஜல்லி மேல். ஒரு கல் நகரவில்லை. ஆற்றுத் தண்ணீரின் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு நாய் குரைப்பது கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.

"அப்பா!"

சிட்டு ஓடி வந்தாள். அவனிடம் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய தலைமுடியில் அவளுடைய வாசனைதான் இருந்தது. கை சூடாக, பிசுபிசுவென்று, எப்போதும் போல இருந்தது. அவன் அவளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டான். ஓடி வந்தபோது ஜல்லி சத்தம் கேட்டதா என்று யோசிக்கக் கூடாது என்று நினைத்தான். தன் அழுகைச் சத்தத்தில் கேட்காமல் போயிருக்கலாம். போயிருக்கலாம் இல்லையா?

மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். பிள்ளை நடுவில், ஒரு கை அவனிடம், ஒரு கை மனைவியிடம். பஸ் நிலையத்தைத் தாண்டிப் போனார்கள். பை அவன் தோளிலேயே தொங்கியது. பிள்ளை வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசினாள், பெஞ்சு எவ்வளவு உயரம், வாத்தியார் தாத்தா தும்மியது, ரகசியத்தை எத்தனை கஷ்டப்பட்டுக் காப்பாற்றினாள் என்பதெல்லாம். அவன் கீழே பார்க்கவில்லை. ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

கடைக்குள் வந்ததும் மேசையருகே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவர்களுக்கு முன்னால் வந்த யாரோ மேசை மேல் அவனுடைய ஷூ இரண்டையும் அடி மேலே தெரியும்படி கவிழ்த்து வைத்திருந்தார்கள், அவன் விசேஷத்துக்கு மட்டும் போடுகிற ஜோடி. பக்கத்தில் புதுச் சோல் கட்டு, மேசைக்கு அடியில் அவன் மறைத்து வைத்திருந்தது. அதன் மேல் ஒரு சாக்பீஸ்.

"உங்களுது மட்டும்தான் பாக்கி," என்றாள் மனைவி. அன்பாகத்தான் சொன்னாள். "அவசரமில்ல. மெதுவாப் போட்டுக்குங்க."

அவன் மகளைப் பார்த்தான்.

"சிட்டு. குருவி எங்க போச்சு?"

பிள்ளை படிப் பக்கம் போனவள் திரும்பி நின்றாள். யோசித்தாள். கொஞ்சம் ஏமாற்றமாக உதட்டைப் பிதுக்கினாள்.

"இன்னிக்குப் பறக்கலப்பா."

அப்புறம் ஏறினாள், எப்போதும் போலப் படிகளை எண்ணிக்கொண்டே. "ஒண்ணு." அவன் மேசையின் காலைக் கட்டிக்கொண்டான். "ரெண்டு." கண்ணை மூட நினைத்தான், மூட முடியவில்லை. "மூணு."

பலகை கத்தவில்லை.

தலைக்கு மேல், இடுக்கு வழியாக, குருவி தெரிந்தது. மூக்கு. ஒரு கண். றெக்கையில் மூன்று கோடு. அதற்குப் பின்னால் முப்பத்தொன்று. ஷூவின் அடிக்கும் மரத்துக்கும் நடுவே, ஒரு நூல் கனத்துக்கு, மாடி ஜன்னலின் சாயங்கால வெளிச்சம் தெரிந்தது. படிக்குப் படி அது அவர்களோடு மேலே ஏறிப் போனது.